லினக்ஸில் பெண் பார்த்த வாரம்

“லைட்டே எரியல,” என்றார் சீதாராமன்.

எலுமிச்சம்பழ அளவில், காலுக்குப் பதிலாகக் கிளிப் வைத்த வெப்கேமரா ஒன்று மானிட்டரின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. அதன் ஒயரைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் சொருகிப் பார்த்தார். பின்னால் சொருகிப் பார்த்தார். பிடுங்கி, நுனியை ஊதிவிட்டு, மறுபடி சொருகினார்.

“ஊதினா எரியுறதுக்கு அது என்ன அடுப்பா?” என்றாள் மனைவி ரங்கநாயகி.

“நல்ல நாளும் அதுவுமா வாயை வைக்காத.”

நல்ல நாள்தான், சந்தேகமில்லை. 2006-ஆம் வருஷத்து விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜையில் அந்த வீட்டில் பொட்டு வாங்காத சாமான் கிடையாது. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர், சுவிட்ச் போர்டு, மானிட்டர், கீபோர்டு, கேமரா, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை என்று ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் மகள் ரம்யாஸ்ரீ. வருஷா வருஷம் அது அவள் வேலை. மதுரையில் அந்த ஒரு வாரம், பொட்டு இல்லாத மெஷின் எதையாவது பார்த்தால்தான் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள்.

அந்தக் கேமரா இன்றைக்கும் ஒத்தக்கடையில் ஒரு வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரும் இப்போது அதை மதிக்காது. ஆனாலும் தூக்கிப்போட அந்த வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அது போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

கேமராவை அவசரமாக வாங்கியதற்குக் காரணம் ஹூஸ்டன். மாப்பிள்ளை கார்த்திகேஷ் அங்கே இருந்தான். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் போய்விட்டது. சென்னையிலிருந்து அவன் அம்மா போன் செய்து, “போட்டோல எல்லாப் பொண்ணும் நல்லாத்தான் இருக்கு. பையன் அசையுற மாதிரி பார்க்கணும்கிறான்,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி என்று குறித்தாயிற்று. அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. அங்கே கேமரா முன்னால் அவன், இங்கே கேமரா முன்னால் இவள்.

“தீபாவளிக்குள்ள முடிவு பண்ணிருவோம். கையில இன்னொரு ஜாதகமும் இருக்கு,” என்று போனை வைக்கும்போது அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் சீதாராமனைப் பிடித்து ஆட்டியது. ஏற்கெனவே மூன்று வரன்கள் வாசல்வரை வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டன. இதுவும் நழுவினால் மகளின் கல்யாணம் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குப் பயம்.

“பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டா என்ன?” என்று கேட்டாள் ரங்கநாயகி.

“பொண்ணு பார்க்கிறது பொண்ணு வீட்டுலதான். பிளைவுட் தடுப்புக்குள்ள என் மகளை உட்கார வச்சு, பக்கத்து தடுப்புல எவனோ கேம் விளையாடிக்கிட்டு இருப்பான். அதெல்லாம் ஆகாது.”

நியாயம்தான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது எல்லோரும் போடுகிற சிஸ்டம் இல்லை, லினக்ஸ்.

அது வந்த கதையைச் சொல்லாவிட்டால் சீதாராமனைப் புரிந்துகொள்ள முடியாது. தெப்பக்குளத்துப் பக்கம் வீடு, விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல்படி தாண்டினால் மதுரைத் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். (நான் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.) அவருக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி டூப்ளிகேட். மெஷினில் புள்ளி அச்சடித்துவிட்டு அதைக் கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி என்று விற்பவனைக் கண்டால், அவன் கடை வாசலிலேயே நின்று வாடிக்கையாளருக்கு வித்தியாசம் விளக்கிவிட்டு வருவார். இரண்டு தடவை அடிதடி வரை போயிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து, அதைப் பார்க்க வந்த கிரிதரன், “சார், இதுல போட்டிருக்கிற சிஸ்டம் திருட்டு சிடி. டூப்ளிகேட்,” என்று ஒரு வார்த்தை சொன்னான். சீதாராமன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். ஒன்றரை வருஷமாக டூப்ளிகேட்டுக்கு ஊதுபத்தி காட்டியிருக்கிறோமே என்று அவருக்குத் தாங்கவில்லை.

“ஒரிஜினல் வேணும் தம்பி. இப்பவே.”

“லினக்ஸ் போடலாம் சார். ஒரிஜினல். சும்மாவே குடுக்கிறாங்க.”

“சும்மா கிடைக்கிற ஒரிஜினலா? அப்படி ஒண்ணு உண்டா?”

உண்டு என்று மூன்று நாள் வந்து போட்டுக் கொடுத்தான் கிரிதரன். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் பொறுப்பாளன். அவனும் சௌராஷ்டிரக்காரன்தான், இவர்கள் ஆட்கள். அப்பா இல்லை, அம்மாவோடு ஒத்தக்கடையில் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் சின்னதாக ஒரு வீடு. மதுரையில் லினக்ஸ் தெரிந்தவர்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம், எண்ணினால் அவன்தான் கட்டைவிரல்.

லினக்ஸ் போட்ட நாளிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. வைரஸ் இல்லை, தொங்கல் இல்லை. அதனால் கிரிதரன் வரவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. “இது கெட்டே போகாதாப்பா?” என்று ரம்யாஸ்ரீகூட ஒருநாள் கேட்டாள். மகள் மெச்சுகிறாள் என்று சீதாராமன் அதைக் கடையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஆக, ஒரு வருஷம் கழித்து, விஜயதசமிக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, தோளில் பையோடு கிரிதரன் மறுபடி அந்த வீட்டுப் படியேறினான்.

“கேமராவுக்கு டிரைவர் இல்ல சார்,” என்றான்.

“டிரைவர் எதுக்கு? அது மேலதான உட்கார்ந்திருக்கு, எங்கயும் போகலையே,” என்றாள் ரங்கநாயகி.

கிரிதரன் சிரிக்காமல் விளக்கினான். கேமராவையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். கேமரா கம்பெனி கொடுத்த சிடி லினக்ஸுக்கு உதவாது. எங்கோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருப்பதை இறக்கி, இந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி கம்பைல் பண்ண வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் சரசரவென்று ஓடின. ரம்யாஸ்ரீ காபியோடு வந்து நின்று, அந்த எழுத்து ஓடி முடிகிறவரை வேடிக்கை பார்த்தாள்.

“சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன். அப்பவே நீங்க கம்மிதான்,” என்றாள்.

“ஞாபகம் வச்சிருக்கீங்க,” என்றான் அவன், கீபோர்டைப் பார்த்தபடி.

ஏழே காலுக்குக் கேமராவில் பச்சை லைட் எரிந்தது. சீதாராமன் கைதட்டினார். ஆனால் திரையில் முகத்தைக் காணோம். சதுரமாக ஒரு சிவப்பு. செக்கச்செவேல் என்று, வேறொன்றும் இல்லாத சிவப்பு.

“இதென்ன, குங்குமச் சிமிழுக்குள்ள கேமரா வச்ச மாதிரி இருக்கு?” என்றாள் ரங்கநாயகி.

“கலர் பிரச்சினைம்மா. நாளைக்குச் சரி பண்ணிரலாம். ஏழரை பஸ்ஸைப் பிடிக்கணும்.”

“நாளைக்குக் கண்டிப்பா வந்துருவீங்கல்ல?” என்றாள் ரம்யாஸ்ரீ.

“வாரேன்.”

சீதாராமன் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. புதன்கிழமை காலையில், கேமராவே டூப்ளிகேட்டோ என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. கடைக்கே கொண்டுபோய்க் காட்டுவதென்று கழற்றச் சொன்னார். ரம்யாஸ்ரீ கழற்றி, தாவணித் துண்டு ஒன்றால் பளபளவென்று துடைத்து, பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். சீதாராமனின் முகம், மீசையில் இருந்த நரை உட்பட, துல்லியமாகத் தெரிந்தது.

“கேமரா ஒரிஜினல்ண்ணே. உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு.”

சீதாராமன் வீட்டுக்கு வந்து பெட்டியை மகளிடம் நீட்டினார். அவள் அதைச் சாமி ரூமுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்து மானிட்டரில் மாட்டினாள். அந்த வாரம் முழுக்கவே அவள் அதிக நேரம் சாமி ரூமில்தான் இருந்தாள். சாயங்காலம் விளக்கேற்றி, கல்லில் சந்தனம் உரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். “நல்லபடியா அமையணும்னு வேண்டிக்கிறா பாருங்க, சொல்லாமலே பக்தி வந்துருச்சு,” என்று ரங்கநாயகி கண் கலங்கினாள்.

சாயங்காலம் கிரிதரன் வந்தான். திரையில் அதே சிவப்பு. கலரைக் கூட்டினான், குறைத்தான். சிவப்பு இன்னும் கொஞ்சம் சிவந்தது. பிறகு கேமராவைக் கழற்றி, முகத்துக்கு நேராக வைத்து, திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தான். பார்த்துவிட்டு, காபி டம்ளரோடு கதவோரம் நின்ற ரம்யாஸ்ரீயை ஒருமுறை பார்த்தான். அவள் டம்ளரைப் பார்த்தாள். அவன் கேமராவைத் திரும்ப இருந்த இடத்திலேயே பதனமாக வைத்தான்.

“என்ன தம்பி, கண்டுபிடிச்சிட்டியா?”

“இது கொஞ்சம் பெரிய பிரச்சினை சார்,” என்றான் கிரிதரன், தொண்டையைச் செருமிக்கொண்டு. “கெர்னல்லயே கை வைக்கணும். கெர்னல்னா அடிப்படை. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. இன்னும் நாலு நாளாவது ஆகும்.”

“நாலு நாள்னா ஞாயிறு வந்துருமே தம்பி.”

“தினமும் வந்துர்றேன் சார். எனக்கு ஒண்ணும் சிரமமில்ல.”

இப்படி ஒரு பிள்ளை இந்தக் காலத்தில் கிடைக்குமா என்று சீதாராமன் நெகிழ்ந்துபோனார்.

அன்றைக்குக் கெர்னலில் கை வைத்ததில் கம்ப்யூட்டருக்குக் குரல் போனது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, ஆரம்பிக்கும்போது வருகிற டொய்ங் என்ற சத்தம்கூட இல்லை.

“படம் வராதது போக இப்ப ஊமையாவும் போச்சா?”

“நாளைக்குப் பேச வச்சிருவேன் சார்.”

வியாழக்கிழமை பேச வைத்தான். ஆனால் படம் காட்டுகிற திரை மொத்தமாகப் போய்விட்டது. கறுப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. ரங்கநாயகி அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து, “இது எதையோ கேட்குதுங்க. என்னன்னுதான் தெரியல,” என்றாள். ஒத்தக்கடைக்கு ஏழரை பஸ் போய்விட்டது. எட்டரை பஸ்ஸும் போகும் போலிருந்ததால், கிரிதரன் அங்கேயே பூரி சாப்பிட்டான். மூன்று என்று சொன்னவனுக்கு ஆறு வந்தது. ரம்யாஸ்ரீதான் பரிமாறினாள். ஹூஸ்டனுக்குப் போகப்போகிற பெண் இவ்வளவு வீட்டு வேலை செய்கிறாளே என்று சீதாராமனுக்கு வேறு மனசு கனத்தது.

“ஏம்மா, உனக்குச் சம்மதம்தான?” என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்.

“முதல்ல படம் தெரியட்டும்ப்பா,” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை திரை வந்தது. சிவப்பும் கூடவே வந்தது. கீபோர்டில் இருந்த பொட்டு காய்ந்து பொருக்குப் பொருக்காகச் சாவிகளுக்கு நடுவே விழுந்து கிடந்ததை கிரிதரன் ஊதிச் சுத்தம் செய்தான். மானிட்டர் பொட்டும் உதிர்ந்து வெறும் மஞ்சள் கறையாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பகல்தான் பாக்கி. சீதாராமனுக்குப் பொறுமை போய்விட்டது.

“எனக்கென்னவோ வெளிச்சம் பத்தலைன்னு தோணுது,” என்றார்.

“வெளிச்சத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்.”

“கடையில டியூப்லைட் வெளிச்சத்துல சேலை பார்த்தா ஒரு நிறம், வாசல்ல கொண்டுபோய்ப் பார்த்தா ஒரு நிறம். முப்பது வருஷமா நிறத்தோட குடும்பம் நடத்துறவன் சொல்றேன், வெளிச்சம்தான்.”

கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிற நண்பர் ஒருவரிடமிருந்து இரண்டு ஃபோகஸ் லைட்டை ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். ரம்யாஸ்ரீயை நடுவில் உட்கார வைத்தார். சுவிட்ச் போட்டதும் ஹாலே கல்யாண மண்டபம் ஆனது. திரையில் சிவப்பு மட்டும் கொஞ்சம் வெளுத்து ஆரஞ்சானது.

“பார்த்தியா, மாறுது,” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் டப் என்றது. வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஃபியூஸ் கட்டைக்குள் ஒயர் உருகியிருந்தது. அதைப் போட்டு முடித்துப் பார்த்தால், இன்டர்நெட் மோடம் செத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்த ரங்கநாயகி, “கருகிருச்சு,” என்று சமையல் மாதிரியே தீர்ப்புச் சொன்னாள்.

சனிக்கிழமை கிரிதரன் லீவு போட்டுவிட்டு காலையிலேயே வந்தான். தன் வீட்டு மோடத்தையே கழற்றிக் கொண்டுவந்து மாட்டினான். ஃபைல்களைச் சிடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அடியோடு அழித்து, லினக்ஸைப் புதிதாகப் போட்டான். இப்போது தமிழ் எழுத்தெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. ரம்யாஸ்ரீ ஒரு வருஷமாக டைப் செய்து வைத்திருந்த சேலை விவரங்கள் முழுக்கச் சதுரம்.

“இதையும் சரி பண்ண வரணும்ல நீங்க?” என்றாள்.

“அதுக்கு ஒரு வாரம் ஆகும்,” என்றான் கிரிதரன்.

கேமரா? சிவப்புதான்.

சாயங்காலம் அவனை வழியனுப்ப சீதாராமன் தெப்பக்குளம் வரை நடந்தார். அந்த வருஷங்களில் குளத்தில் தண்ணீர் அபூர்வம். நடு மண்டபத்தைச் சுற்றி நாலைந்து கிரிக்கெட் ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். எந்தப் பந்து எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது என்று ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கடலை விற்கிறவரிடம் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினார் சீதாராமன்.

“நாளைக்குப் படம் வந்துட்டா அவ ஹூஸ்டன் போயிருவா தம்பி.”

“ஆமா சார்.”

“அம்புட்டுத் தூரத்துக்குப் பிள்ளையை அனுப்புறதுக்கு நானே ஒயர் இழுத்துக்கிட்டுத் திரியுறேன். ராத்திரியெல்லாம் நெஞ்சைப் போட்டு அடைக்குது. யார்கிட்டச் சொல்ல? நாலாவது வரனையும் விட்டுட்டா ஊர் என்ன பேசும், அவ மனசு என்ன ஆகும்?”

கிரிதரன் கடலையைத் தோலோடு தின்றுகொண்டிருந்தான்.

“இங்கயே, பக்கத்துல, நல்ல குணமா ஒரு பையன் இருந்தா நான் ஏன் அமெரிக்காவைத் தேடப்போறேன்? உன் கண்ணுல யாரும் தட்டுப்பட்டா சொல்லுப்பா.”

“விசாரிக்கிறேன் சார்,” என்றான் கிரிதரன். வந்த பஸ்ஸில் ஏறியவன் டிக்கெட் எடுக்கவும் மறந்து ஜன்னல் வழியே இவரையே பார்த்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஏழு மணிக்குள் ரம்யாஸ்ரீ குளித்து, அரக்கு நிறச் சுங்குடி கட்டி, சாமி ரூமுக்குப் போய்வந்து தயாராக இருந்தாள். வீடெல்லாம் சந்தன வாசனை. முதல் பஸ்ஸில் கிரிதரன் வந்துவிட்டான். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். பச்சை லைட் எரிந்தது. சிவப்பு வந்தது.

சீதாராமன் ஒரு நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்தார்.

“பிரவுசிங் சென்டருக்கே போவோம்.”

அன்றைக்கே சொன்னேனே என்று ரங்கநாயகி குத்திக்காட்டவில்லை. அதுவே பெரிய விஷயம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏழு மணிக்கே திறக்கிற ஒரு சென்டர் இருப்பதாக கிரிதரன் மெதுவாகச் சொன்னான். சொல்லும்போது அவன் முகம் நன்றாக இல்லை. சீதாராமன் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன் செய்து சுருளியைக் கூப்பிட்டார். பிளைவுட் தடுப்பை மறைக்க ஒரு பட்டுச் சேலை, பின்னால் வைக்க ஒரு குத்துவிளக்கு, நடுவில் தட்டு, பழம், வெற்றிலை எல்லாவற்றையும் ஹாலில் எடுத்து அடுக்கினார். பெண் பார்ப்பது அந்நிய இடத்தில் நடந்தாலும் முறைப்படி நடக்க வேண்டுமல்லவா.

ரம்யாஸ்ரீ மட்டும் கம்ப்யூட்டர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“கடைசியா ஒரு தடவை பார்த்துரலாமேப்பா,” என்றாள். குரல் ஒடுங்கியிருந்தது.

“நானும் அதத்தான் சார் நினைச்சேன். இன்னும் ஒரு பத்து நிமிஷம்,” என்று கிரிதரன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எதையும் தொடாமல் திரையைப் பார்த்தான்.

“அண்ணே, எதைத் தூக்கணும்?” என்று கேட்டுக்கொண்டே சுருளி உள்ளே வந்தார். ஐம்பது வயசு, காக்கிச் சட்டை, இருபத்தைந்து வருஷமாக அந்த ஸ்டாண்டில் வண்டி. குத்துவிளக்கைத் தூக்கித் தோளில் சாய்த்தவர், திரையில் தெரிந்த சிவப்பைப் பார்த்து நின்றார்.

“இதென்னண்ணே, சிக்னல் விழுந்திருச்சா?”

“அதையேன் கேட்கிற சுருளி. ஒரு வாரமா இதே கூத்து. கெர்னல்ங்கிறான், டிரைவர்ங்கிறான், என்னென்னமோ மாத்தியாச்சு. படம் மட்டும் வரல.”

“எதுக்குள்ளருந்துண்ணே படம் வரணும்?”

“அந்தா, மேல இருக்கு பாரு. அந்த உருண்டை. அது கண்ணு வழியாத்தான்.”

சுருளி விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போனார். கேமராவைக் குனிந்து பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்பக் கேமராவைப் பார்த்தார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீக. நாங்களும்தான் வண்டிக்குப் பொட்டு வைக்கிறோம். ஆனா முன் கண்ணாடில ஓரமாத்தான் வைப்போம். நடுவுல வச்சா ரோடு தெரியாதுல்ல.” அவர் சீதாராமனைத் திரும்பிப் பார்த்தார். “இதுக்குக் கண்ணுலயே வச்சிருக்கீகளே.”

சுருளி ஆள்காட்டி விரலால் கேமராவின் கண்ணை ஒரே இழுப்பாக வழித்தார்.

திரையில் இருந்த சிவப்பு விலகியது.

படம் வந்துவிட்டது. என்ன படம். கடைக்காரர் காட்டியதைவிடத் துல்லியம். நாற்காலியில் அரக்குச் சேலையில் தலை குனிந்து ரம்யாஸ்ரீ. பக்கத்தில் கைகட்டி நிற்கிற கிரிதரன். பின்னால் குத்துவிளக்கு, தட்டில் பழம், வெற்றிலை.

“வந்துருச்சு,” என்று ரங்கநாயகி சந்தோஷத்தில் அழ ஆரம்பித்தாள்.

சீதாராமனுக்குச் சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். ஆறு நாள், ஒரு மோடம், ஒரு ஃபியூஸ், இரண்டு ஃபோகஸ் லைட், இந்தப் பையனின் ஐந்து சாயங்காலம், எல்லாம் ஒரு பொட்டுக்காக. தினமும் பார்த்த பொட்டுதான். வீட்டில் எல்லாவற்றுக்கும் இருக்கிற மாதிரி அதற்கும் ஒன்று என்று ஒருவருக்கும் உறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பு குறைந்தது. யாரோ சொல்லிவைத்து எடுத்த போட்டோ மாதிரி இருந்தது அந்தப் படம். அதில் இருக்கிற இரண்டு பேருக்கும்தான் படம் வந்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

டெலிபோன் அடித்தது. எட்டு மணி. சென்னை அம்மாவாகத்தான் இருக்கும். சீதாராமன் எடுக்கப் போனார். ரிசீவரில் கை வைத்தார்.

சுருளி இன்னும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வழித்த விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஏண்ணே,” என்றார், “பூஜை போட்டு ஒரு வாரம் ஆச்சு, என் வண்டிப் பொட்டெல்லாம் காஞ்சு உதிர்ந்தே போச்சு. இந்தச் சந்தனம் மட்டும் எப்படிண்ணே இன்னும் ஈரமா இருக்கு?”